தனியா போலாமா... கும்பலா போலாமா?

கம்பம் பள்ளத்தாக்குல பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்தா கஷ்டம்தான் பாஸ். ஒரு பக்கம் மேகமலை, இன்னொரு பக்கம் கேரள எல்லை மலை. ரெண்டும் 'வா வா'ன்னு கூப்பிடும். 'தனியா ஒரு ட்ரெக் அடிச்சா என்ன?'னு மனசு கேட்கும். நியாயமான ஆசைதான். யாருக்காகவும் நிக்க வேணாம், குரூப் போட்டோவுக்குப் பல்லைக் காட்ட வேணாம்.

அம்மாகிட்ட கேட்டா, 'போறதுன்னா நாலு பேரோட போ'ம்பாங்க. ஆனா, குரங்கணி அந்த பதிலைக் கலைச்சுப் போடுது.

2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. சென்னையில இருந்து ஒரு டீம், ஈரோடு - திருப்பூர் பக்கமிருந்து ஒரு டீம். முப்பது பேருக்கு மேல. கொழுக்குமலையில தங்கிட்டு இறங்கும்போது காட்டுத் தீ சூழ்ந்துடுச்சு. 23 உயிர்கள் போச்சு. பலர் இருபதுகளில் இருந்தவங்க. அனுமதி வாங்காத பாதைன்னு அப்போ அரசு சொல்லுச்சு. முதல்ல ஓடிப்போய் தூக்குனவங்க உள்ளூர்க்காரங்க. ஏர்ஃபோர்ஸ் ஹெலிகாப்டர் வந்ததெல்லாம் அப்புறம்தான்.

ஹீட் டிரான்ஸ்ஃபர் பேப்பர்ல அரியர் வெச்சிருக்கிறவங்களுக்கும் இது புரியும். சரிவுல தீ மேல்நோக்கித்தான் வேகமா ஏறும். கீழே எரியுற சூடு, மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே காய வெச்சிடும். ஓடைப் பள்ளம் புகைபோக்கி மாதிரி ஆகிடும். அதனால மேலே ஓடுறதும் ஆபத்து, பள்ளத்துல பதுங்குறதும் ஆபத்து. ஏற்கெனவே எரிஞ்சு அடங்கின கருப்புத் தரைதான் ஓரளவு பாதுகாப்பு. பதட்டத்துல யாருக்கு இதெல்லாம் ஞாபகம் வரும்? அந்த மலையை அறிஞ்ச ஒருத்தர் கூட இருக்கணும். முப்பது தலை சேர்ந்தாலும் அவர் ஒருத்தருக்கு ஈடாகாது.

அப்போ தனியா போறது பெட்டரா? அவசரப்படாதீங்க! நம்ம ரஹ்மான் மியூசிக் போட்ட '127 ஹவர்ஸ்' நிஜக் கதை. 2003-ல ஆரன் ரால்ஸ்டன், எங்கே போறேன்னு யார்கிட்டயும் சொல்லாம அமெரிக்காவின் யூட்டா பள்ளத்தாக்குக்குப் போனார். பாறையில கை சிக்கி, அஞ்சு நாள் கழிச்சு கையை அவரே வெட்டிக்கிட்டுதான் வெளியே வந்தார். 2022 பிப்ரவரியில மலம்புழா மலை இடுக்குல சிக்கின பையன் 40 மணி நேரத்துக்கு மேல தவிச்சாலும், அவன் கையில போன் இருந்துச்சு. இருக்கிற இடம் தெரிஞ்சதால ராணுவம் வந்து மீட்டுச்சு.

நம்ம பக்கம் யானை வேற! 2023 மே மாசம் அரிக்கொம்பன் கம்பம் டவுனுக்குள்ளயே வாக்கிங் வந்தார். அவரும் சோலோதான்.

2024-ல வனத்துறை 'ட்ரெக் தமிழ்நாடு' ஆரம்பிச்சது. 40 பாதைகள், கூடவே உள்ளூர் வழிகாட்டிகள். நம்ம குரங்கணி - சாம்பலாறு பாதையும் லிஸ்ட்ல உண்டு. நீங்க மட்டும் தனியா புக் பண்ணிக்கூட போலாம், வழிகாட்டி கூட வருவார். தீ சீசன்ல மட்டும் பாதையை மூடிடுவாங்க. மார்ச்ல போடிக்கு டிக்கெட் போட்டிருந்தா, இப்பவே தேதியை மாத்துங்க மக்கா!