கடனட்டைக்குக் காவல் எது?

பணத்தைப் பெட்டியில் வைத்துப் பூட்டித் திறப்பை இடுப்பிற் செருகிக்கொண்டிருந்த காலத்தில், களவு போனால் வீட்டார் எல்லோருக்கும் அன்றே தெரிந்துவிடும். உடைந்த பூட்டே ஊரைக் கூட்டிவிடும். இப்பொழுதோ பணம் ஒரு சிறு அட்டைக்குள் அடங்கிவிட்டது. அதனைத் திருடுகிறவன் கதவை உடைப்பதில்லை, சுவரேறிக் குதிப்பதில்லை, அவனைக் கண்டு நாய் குரைப்பதுமில்லை. இழந்தவர் தாமே வாய் திறந்து சொன்னாலன்றி, அக்களவு அடுத்த அறையில் இருப்பவருக்குந் தெரியவராது. இவ்வாரம் நாம் வாசகர்களோடு பேச விரும்புவது இந்த வாய்திறத்தலைப் பற்றியே.

சென்னையில் வாழும் எமது உறவுக் குடும்பம் ஒன்றில் அண்மையில் இரு நிகழ்ச்சிகள் நடந்தன. முதலாவது, அவ்வீட்டு மூத்த மகனுக்கு நேர்ந்தது. ஓர் இரவு பதினொரு மணியளவில் அவருடைய கைத்தொலைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அவர் பெயர்கூட அறியாத வெளிநாட்டுக் கடையொன்றில், அவருடைய கடனட்டையின் பேரில் ஒன்பதாயிரம் ரூபாவுக்குப் பொருள் வாங்கப்பட்டிருந்தது. அட்டையோ அவருடைய சட்டைப்பையிலேயே இருந்தது. அவர் உடனே வங்கியை அழைத்து அட்டையை முடக்குவித்தார். மறுநாட் காலையில் முறைப்பாட்டை எழுத்திலுங் கொடுத்தார். பத்து வேலைநாட்களுக்குள் பணம் அவர் கணக்கில் மீள வைக்கப்பட்டது.

இரண்டாவது, அவருடைய தாயாருக்கு நேர்ந்தது. அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. ஒருநாட் பகலில் தொலைபேசியில் ஒரு குரல், "அம்மா, வங்கியிலிருந்து பேசுகிறோம். உங்கள் அட்டை இன்றோடு நிறுத்தப்படப் போகிறது. இப்பொழுது வந்திருக்கும் ஆறு இலக்க எண்ணைச் சொன்னால் தடுத்துவிடலாம்" என்று பணிவோடு கூறிற்று. அம்மையார் சொன்னார். பதினெட்டாயிரம் ரூபா போயிற்று. மறுநாள் அதே குரல், "தவறு நேர்ந்துவிட்டது, அம்மா, அந்தப் பணத்தைத் திருப்பி அனுப்புகிறோம், இப்பொழுது வரும் எண்ணையுஞ் சொல்லுங்கள்" என்றது. இழந்ததை மீட்கும் ஆசையால் அதையுஞ் சொன்னார். ஐந்தாம் நாள் மகன் கணக்கைப் பார்த்து உண்மை வெளிப்பட்டபொழுது, அறுபத்தோராயிரம் ரூபா போய்விட்டிருந்தது. அத்தொகையில் ஒரு சதமேனும் மீளவில்லை.

வீடும் ஒன்று, சட்டமும் ஒன்று. மகனுக்குப் பணம் மீண்டது, தாய்க்கு மீளவில்லை. இஃது ஏன் என்பதை அறிய வேண்டுமாயின், இவ்வட்டைகளைச் சுற்றி எழுந்த விதிகளைச் சிறிது நோக்க வேண்டும்.

அட்டை களவுபோனால் நட்டம் யாருடையது என்னும் வினா, ஏறக்குறைய அட்டையின் வயதே உடையது. 1958 ஆம் ஆண்டு செப்டெம்பரில், அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலுள்ள பிரெஸ்னோ நகரில், பாங்க் ஒவ் அமெரிக்கா ஏறத்தாழ 60,000 அட்டைகளைக் கேட்டவருக்கும் கேளாதவருக்குமாகத் தபாலில் அனுப்பிவைத்தது. மோசடியும் நிலுவையும் மலிந்தன. மற்ற வங்கிகளும் இவ்வழியிற் சென்று மக்கள் அல்லலுற்ற பின்னர், 1970 இல் அந்நாட்டுக் காங்கிரஸ் கேளாதவருக்கு அட்டை அனுப்புவதைத் தடைசெய்தது. களவுபோன அட்டைக்கு உரியவர் ஏற்கவேண்டிய நட்டத்தை 50 டொலருக்கு மேற்படாதவாறு வரையறுத்தது. நட்டம் முந்தி வந்தது. சட்டம் பிந்தி வந்தது.

இந்தியாவில் ரிசர்வ் வங்கி படிப்படியாகக் காவல்களை அமைத்து வந்திருக்கிறது. 2009 ஓகஸ்ட் முதல், இணையவழியிற் பொருள் வாங்குவோர் அட்டையில் அச்சிட்டுள்ள எண்களோடு வேறொரு சான்றையுங் கொடுக்க வேண்டும் என்று விதித்தது. கைத்தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவெண் அவ்வாறு வழக்கில் வந்த சான்றேயாகும். 2020 ஜனவரியில் மற்றொரு விதி பிறந்தது. புதிதாக வழங்கப்படும் அட்டை உள்நாட்டுப் பணப்பொறிகளிலும் கடைகளிலுமே செல்லுபடியாகும்; இணையவழிப் பாவனையையும் வெளிநாட்டுப் பாவனையையும் உரியவர் கேட்டாலன்றித் திறத்தலாகாது என்பதே அது. 2022 ஒக்டோபர் முதலாந் திகதியிலிருந்து, கடைக்காரர் வாடிக்கையாளரின் அட்டை எண்ணைத் தம்மிடஞ் சேமித்து வைத்தல் கூடாதென்றாயிற்று. அதற்குப் பதிலாக அந்தக் கடைக்கெனவே ஒரு மாற்றுக் குறியீடு அமையும். கடையின் பதிவுகள் களவுபோனாலும், அக்குறியீடு வேறிடத்தில் உதவாது.

அதே ஆண்டில் வந்த வேறொரு கட்டளை, கேளாதவருக்கு அட்டை வழங்குவதைத் தடுத்தது. அவ்வாறு வழங்கிக் கட்டணமும் அறவிட்டால், வங்கி அக்கட்டணத்தை மீளக் கொடுப்பதோடு, அதன் இருமடங்கைத் தண்டமாகவுஞ் செலுத்த வேண்டும். பிரெஸ்னோ நகரின் பாடம் அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் கற்பிக்கப்பட வேண்டியிருந்தது போலும்!

பூட்டுகள் இவ்வளவு பெருகிய பின்னும் களவு எங்ஙனம் நிகழ்கிறது? மகனுடைய காரியத்தில், முன்பொரு நூல் வாங்குவதற்காக வெளிநாட்டுப் பாவனையைத் திறந்தவர், பின்னர் மூட மறந்திருந்தார். வெளிநாட்டுக் கடைகள் பல அந்த இரண்டாஞ் சான்றைக் கேட்பதில்லை; எண்களை எங்கோ களவாடியவனுக்கு அவ்வழி போதுமானதாயிற்று. தாயாரின் காரியத்திலோ எல்லாப் பூட்டுகளும் செவ்வையாகவே இருந்தன. திருடன் பூட்டைத் தொடவில்லை. திறப்பைக் கேட்டு வாங்கிக்கொண்டான்.

இந்த வேறுபாட்டையே 2017 ஜூலை 6 ஆந் திகதி ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கை அளவுகோலாக வைத்தது. தவறு வங்கியினுடையதாயின் வாடிக்கையாளருக்கு நட்டம் இல்லை. தவறு வங்கியிடமும் வாடிக்கையாளரிடமும் இல்லாது வேறெங்கோ இருக்குமாயின், வங்கியின் அறிவித்தல் கிடைத்து மூன்று வேலைநாட்களுக்குள் முறையிட்டவருக்கும் நட்டம் இல்லை. நான்கு முதல் ஏழு வேலைநாட்களுக்குள் முறையிட்டால், ஐந்து இலட்சம் ரூபாவரை எல்லையுள்ள கடனட்டைக்கு 10,000 ரூபாவும், அதற்கு மேற்பட்டதற்கு 25,000 ரூபாவும் அவர் ஏற்கக்கூடிய உச்சத் தொகைகளாகும். ஏழு நாட்களுங் கடந்தால் அவ்வவ் வங்கியின் கொள்கைப்படியே முடிவு அமையும். முறைப்பாடு கிடைத்துப் பத்து வேலைநாட்களுக்குள் தொகையைக் கணக்கில் வைக்க வேண்டும் என்பதும், வாடிக்கையாளரின் பொறுப்பை நிறுவும் சுமை வங்கிக்கே உரியது என்பதும் அச்சுற்றறிக்கையின் ஏனைய விதிகள்.

ஆனால், இரகசிய எண்ணை உரியவரே பிறருக்குச் சொல்லியிருப்பாராயின், வங்கிக்கு அறிவிக்கும் வரையில் நேர்ந்த முழு நட்டமும் அவரைச் சாரும். அறிவித்த பின்னர் நேர்வது வங்கியைச் சாரும். வாசகர்கள் இவ்விடத்திற் சற்று நின்று சிந்திக்க வேண்டுகிறோம். அந்த அம்மையார் முதல்நாள் மாலையிலேயே மகனிடம் ஒரு வார்த்தை சொல்லியிருப்பின், போனது பதினெட்டாயிரத்தோடு நின்றிருக்கும். எஞ்சிய நாற்பத்து மூவாயிரத்தைக் கொண்டுபோனது திருடனின் கெட்டித்தனம் மாத்திரம் அன்று, அம்மையாரின் மௌனமுமாகும்.

அவர் ஏன் மௌனமாயிருந்தார்? "நாற்பது ஆண்டு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தவள், ஒரு தொலைபேசிக் குரலுக்கு ஏமாந்தேன் என்று எப்படிச் சொல்வேன்?" என்று அவர் பின்னர் எம்மிடங் கூறினார். அதற்குச் சில மாதங்களின் முன், கைத்தொலைபேசியிற் பிழையான ஒன்றை அழுத்திவிட்டதற்காக, "உங்களுக்கு ஏன் இந்த வேலை?" என்று வீட்டார் அவரைக் கடிந்துகொண்டதுண்டாம். கடிந்தவர்கள் அதனை மறந்துவிட்டார்கள், கேட்டவர் மறக்கவில்லை.

மேற்கூறியவை இந்திய விதிகள். இலங்கை வங்கிகள் வழங்கும் அட்டைகளை அவை கட்டுப்படுத்தா. நம் நாட்டிலும் மத்திய வங்கி 2020 இல் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்தை அமைத்தது. 2023 இல் நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் வெளியாயின. அட்டை வைத்திருப்போர் தத்தம் வங்கியிடம் மூன்று வினாக்களைக் கேட்டு, விடையை எழுத்திற் பெற்றுக்கொள்வது நன்று. களவு நேர்ந்தால் எந்த இலக்கத்துக்கு அறிவிப்பது? எத்தனை நாட்களுக்குள் அறிவிப்பது? அதுவரை நேரும் நட்டம் யாருடையது? அட்டை வாங்கும்பொழுது கையொப்பமிட்ட பத்திரத்தையும் ஒருமுறை வாசித்துப் பார்த்தல் வேண்டும்.

இவற்றோடு பிள்ளைகளுக்கு ஒரு கடமை உண்டு. பெற்றோருக்கு அட்டையின் பாவனையைக் கற்பிக்கும்பொழுதே, "ஏமாந்துவிட்டால் உடனே எங்களிடஞ் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டோம்" என்றுஞ் சொல்லிவைக்க வேண்டும், சொன்னபடி நடக்கவும் வேண்டும். பெற்றோரும் மாணவரான தம் பிள்ளைகளுக்கு அதே உறுதியை அளித்தல் தகும். காலத்தைக் கொண்டு பொறுப்பை அளக்கும் சட்டத்தின் முன்னே, ஏச்சுக்கு அஞ்சி மறைக்கப்படும் ஒவ்வொரு நாளும் திருடனுக்கு நாம் கொடுக்கும் தவணையாகும்.

சென்ற முறை நாம் அவ்வீட்டுக்குச் சென்றிருந்தபொழுது, அடுக்களைச் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கக் கண்டோம். வங்கியின் தொலைபேசி இலக்கமும், அதன் கீழே "முதலில் அட்டையை நிறுத்து; பிறகு அழு" என்னும் வாசகமும், கரும்பலகையில் எழுதிப் பழகிய திருத்தமான கையெழுத்தில் அதில் இருந்தன.