நிற்க எத்தனை மீட்டர்?

கரும்பு வெட்டு தொடங்கிவிட்டால் தியாகதுருகத்தைச் சுற்றியுள்ள சாலைகளில் இரவு வண்டி ஓட்டுவதற்குத் தனிக் கண் வேண்டும். மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளுக்குப் போகும் டிராக்டர்கள் டிரெய்லர் நிறையக் கட்டு ஏற்றி ஊர்ந்துகொண்டிருக்கும். பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கரும்பு சிவப்பு விளக்கை மூடிவிடும். அதன் நுனியில் ஒரு துணியைக் கட்டியிருந்தால் ஓட்டுநர் பொறுப்பானவர் என்று பொருள். சேலம் – உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையின் கதை இன்னும் மோசம். நான்கு வழியில் பறந்துவரும் வண்டி, தியாகதுருகம், கள்ளக்குறிச்சி, சின்னசேலம் என ஊருக்கு ஊர் வரும் புறவழிச்சாலையில் திடீரென இருவழிக்குள் நுழைந்து எதிர்வரும் லாரியைச் சந்திக்கும்படி பல ஆண்டுகள் இருந்தது. அகலப்படுத்தும் வேலை பின்னர்தான் வந்தது.

200 குதிரைத்திறன் கொண்ட சொகுசு எஸ்யூவிகள் சென்னைக்கும் சேலத்துக்கும் இடையே பாய்வது இந்தச் சாலையில்தான்.

இந்த வண்டிகளின் பிறப்பே ஒரு முரண்பாடு. உயரமாக உட்கார்ந்து ஓட்ட வேண்டும். ஆனால் தாழ்ந்த பந்தயக் கார் போலத் திரும்ப வேண்டும். 1970-இல் வந்த ரேஞ்ச் ரோவர் முரட்டு ஜீப்புக்குச் சொகுசைக் கற்றுக்கொடுத்தது. 1999-இல் பிஎம்டபிள்யூ எக்ஸ்5, 2002-இல் போர்ஷே கெயென் இரண்டும் அதன்மேல் ‘ஸ்போர்ட்’டை ஏற்றின. போர்ஷே ரசிகர்கள் அன்று முகம் சுளித்தார்கள். நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தியது அந்த வண்டிதான்.

பொறியாளரின் தலைவலி எளிமையானது. உயரமான வண்டியின் எடை மேலே இருக்கும். வளைவில் உடம்பு ஒருபக்கம் சாயும். சாயாமல் இருக்க ஸ்பிரிங்கை இறுக்கினால், ஒவ்வொரு பள்ளமும் பயணியின் முதுகில் வந்து விழும். தளர்த்தினால் குடும்பத்துக்குச் சுகம், ஓட்டுபவருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். ஆகவே நிலைமைக்கு ஏற்ப இறுகித் தளரும் ஷாக் அப்சார்பர்களைத் தேடிப் போனார்கள். இந்த வகை வண்டியின் உருவாக்கத்தில் பாதி இந்தத் தேடல்தான்.

அந்தத் தேடலில் தமிழ்நாட்டுக்கும் பங்கு உண்டு. செங்கல்பட்டை ஒட்டிய மகிந்திரா வேர்ல்டு சிட்டிக்குள் 2007 முதல் பிஎம்டபிள்யூ தன் கார்களைப் பாகம் சேர்த்துத் தருகிறது. அதே வளாகத்தில்தான் மகிந்திராவின் ஆய்வு மையமான ரிசர்ச் வேலியும் இருக்கிறது. ஒன்றில் ஜெர்மனியில் முடிவான வண்டிக்கு உடல் கூடுகிறது. மற்றதில் வண்டியே யோசிக்கப்படுகிறது. பக்கத்து வீடுகள்தான், ஆனாலும் வேலை வேறு வேறு. 2011-இல் மகிந்திரா கொண்டுவந்த எக்ஸ்யூவி500 சிவிங்கிப்புலியை மனத்தில் வைத்து வடிவமைக்கப்பட்டது. 2021-இல் வந்த எக்ஸ்யூவி700-க்கு 57 நிமிடத்தில் 25,000 பேர் முன்பதிவு செய்தார்கள். அதே ஆண்டு செய்யாறு அருகே 454 ஏக்கரில் நிறுவனம் ஒரு சோதனைத் தடத்தையும் திறந்தது. அதிவேகத்துக்கென்று சரிந்த வளைவு ஒருபக்கம். வண்டியைக் குலுக்கி எடுக்கக் கெட்ட சாலைகள் மறுபக்கம். நல்ல சாலை போட வழி தேடும் நாட்டில், கெட்ட சாலையை அளந்து அச்சுப் பிசகாமல் போடவும் ஆள் வேண்டியிருக்கிறது!

2024 நவம்பர் 26 அன்று சென்னையில் அறிமுகமான மகிந்திராவின் மின் எஸ்யூவி பிஇ 6, பழைய முரண்பாட்டை வேறு வழியில் தீர்க்கப் பார்க்கிறது. கனமான பேட்டரி தரைக்கடியில் போய்விடுவதால் எடை கீழே இறங்குகிறது. உயரம் இருந்தும் சாய்வு குறைகிறது. வரியும் துணைக்கு நிற்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் பெரிய பெட்ரோல், டீசல் எஸ்யூவிகளுக்கு 40 சதவீத ஜிஎஸ்டி. மின்காருக்கு 5 சதவீதம்தான். பெரிய பேட்டரி கொண்ட பிஇ 6 நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 6.7 நொடி போதும் என்கிறது நிறுவனம்.

சரி, அந்த நூறிலிருந்து நிற்க? ஒரு நொடிக்கு வண்டி 28 மீட்டர் ஓடும். கரும்பு டிரெய்லர் கண்ணில் பட்டு, கால் பிரேக்கைத் தொட ஒரு நொடி. பிறகு காய்ந்த சாலையில் நல்ல டயரோடு நிற்க ஏறக்குறைய 50 மீட்டர். மொத்தம் எண்பதை நெருங்குகிறது. எண்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்திருந்தால் 54 மீட்டரில் காரியம் முடிந்திருக்கும். வேகத்தில் இருபதுதான் வித்தியாசம். நிற்கும் தூரத்தில் இரண்டு லாரி நீளத்துக்கும் மேல். மழையில் கணக்கு இன்னும் நீளும்.

மோதப் போகும்போது தானே பிரேக் பிடிக்கும் வசதி எக்ஸ்யூவி700 வழியாக நடுத்தரக் குடும்பங்கள் வரை வந்தது. பெரிய முன்னேற்றம்தான். ஆனால் அதன் கேமராவும் ரேடாரும் காரின் முதுகை அடையாளம் காண்பது ஒன்று. இருட்டில் விளக்கில்லாமல் நகரும் கரும்புக் கட்டை அடையாளம் காண்பது வேறு. பிஇ 6-க்கு பாரத் என்கேப் மோதல் சோதனை ஐந்து நட்சத்திரம் தந்தது உண்மை. அந்தச் சோதனையில் கார் 64 கிலோமீட்டர் வேகத்தில் தடுப்பில் மோத, உள்ளிருந்தவர் எப்படித் தப்பினார் என்று பார்க்கிறார்கள். மோதாமல் நின்றதா என்பதற்கு அங்கே மதிப்பெண் இல்லை. வாங்குபவரும் நட்சத்திரத்தையும் 6.7-ஐயும்தான் கேட்கிறார், விற்பவர் கேட்டதைத்தானே சொல்வார்?

கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஏறும் ஜீப், பிக்கப் ஓட்டுநர்களிடம் இந்த நிறுத்தக் கணக்கு வேறு பாஷையில் புழங்குகிறது. மரவள்ளி மூட்டையோடு இறங்கும்போது அவர்கள் பிரேக்கை நம்புவதில்லை. வளைவுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்து, ஹாரன் அடித்து, இன்ஜினையே இழுத்துப்பிடிக்க விடுவார்கள். இதே உத்தி மின்காரிலும் உண்டு. பிஇ 6-இல் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியை இழுத்துப்பிடித்து, அந்தச் சக்தியைப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்புகிறது. ‘சிங்கிள் பெடல்’ என்று அதற்குப் பெயர்.