ஹீத்கிட்டின் மறுவருகையும் கொஸ்லந்தவின் தேவையும்

உதிரிப்பாகங்களையும் செய்முறைக் கையேட்டையும் ஒரே பெட்டியில் வைத்து விற்று, வாங்கியவரே தம் கையால் கருவியைப் பூட்டி முடிக்கும்படி செய்த நிறுவனங்களுள் அமெரிக்காவின் ஹீத்கிட் அளவுக்குப் பெயர் பெற்றது வேறில்லை. பின்னாளில் மிச்சிகன் மாநிலத்தின் பென்டன் ஹார்பரில் இயங்கிய அந்நிறுவனம் முதலில் இவ்வாறு பூட்டிக்கொள்ளும் சிறு விமானங்களையே விற்றது. நிறுவுநர் எட்வர்ட் ஹீத் 1931இல் விமான விபத்தில் இறந்தபின் அதனை வாங்கிய ஹோவர்ட் அந்தனி, இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் படையினர் கழித்த இலத்திரனியல் பாகங்களை மலிவாகத் திரட்டி, மின்னழுத்தம் நேரத்தோடு மாறுவதைத் திரையில் கோடாக வரைந்து காட்டும் அலைவுகாட்டியை 1947இல் 50 டொலரைத் தாண்டாத விலையில் கொண்டுவந்தார்.

அந்தப் பெட்டிகளின் உண்மையான செல்வம் கையேடுதான். எந்தக் கம்பி எந்த முனைக்குச் செல்ல வேண்டும், எங்கே பற்றாசு வைக்க வேண்டும் என்பது படத்தோடு சொல்லப்பட்டு, ஒவ்வொரு படிக்கும் அருகே சரி அடையாளம் இடுவதற்கு இடம் விடப்பட்டிருந்தது. பூட்டிய கருவி இயங்காவிட்டால் குறையை எப்படித் தேடுவது என்பதும் அதிலேயே இருந்தது. இவ்வாறு செய்து முடித்தவர் அதே கருவியைப் பின்னர் பழுதுபார்க்கவும் வல்லவரானார். தொழிற்சாலையில் முழுமையாகச் செய்யப்பட்ட கருவிகள் மலிந்து, ஒருங்கிணைந்த சுற்றுகள் பாகங்களைக் கண்ணுக்கும் கைக்கும் எட்டாதபடி சுருக்கியபின், 1992இல் ஹீத்கிட் இந்த விற்பனையை நிறுத்தியது. புதிய உரிமையாளர்கள் 2015இல் ஏறத்தாழ 150 டொலருக்கு ஒரு வானொலிப் பெட்டியோடு அப்பெயரை மீண்டும் சந்தைக்குக் கொண்டுவந்தனர். பழம்பெயரைப் பாசத்தோடு நினைப்பவர்களுக்கு அது மகிழ்ச்சி தரலாம். இலங்கையின் ஊவா மாகாணத்தில் வாழும் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்கு அந்த விலையில் அதனால் ஆவது ஒன்றுமில்லை.

மீள வேண்டியது பெயரன்று, முறை என்பதற்கு ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் சான்று. அரசின் உரிமம் பெற்று, வணிக நோக்கமின்றி வானலையில் பேசிக்கொள்ளும் வானொலி ஆர்வலர்களுக்கான இந்த அனுப்பி-வாங்கியை, இந்தியக் கடைகளில் எளிதில் கிடைக்கும் பாகங்களைக் கொண்டே செய்யலாம். தண்ணீர்க் குழாய் வாஷரின்மேல் செம்புக் கம்பி சுற்றியே அதன் சுருள்கள் அமைக்கப்பட்டன. சுற்று வரைபடம் யாவருக்கும் திறந்து வைக்கப்பட்டது. பின்னாளில் அது விற்பனைக்கு வந்தபோது சுருள் சுற்றும் வேலை பெண்கள் குழு ஒன்றிடம் ஒப்படைக்கப்பட்டது என்பது மலையகம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய செய்தி.

ஊவாவின் பதுளை மாவட்டத்திலுள்ள கொஸ்லந்தவில் இம்முறைக்கு அவசரமான பயன் ஒன்று உண்டு. 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து, லயன்கள் எனப்படும் தொழிலாளர் வரிசைக் குடியிருப்புகளைப் புதைத்தது. அவ்விடம் அபாயமானது என்று பல ஆண்டுகளுக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அளவுகோலின்படி, 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் மழை விழிப்புக்கும், 100 எச்சரிக்கைக்கும், 150 வெளியேற்றத்துக்கும் உரிய எல்லைகள். மழைநீர் சேரும் பாத்திரத்தில் இந்த மூன்று மட்டங்களிலும் கம்பி முனைகளைப் பொருத்திவிட்டால், நீர் ஒரு முனையைத் தொட்டதும் அதனூடாகச் செல்லும் மிகச் சிறிய மின்னோட்டம் திரான்சிஸ்டரை, அதாவது சிறு மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்துவிடும் பாகத்தை, இயக்கி ஒலிப்பானை ஒலிக்கச் செய்யும். நள்ளிரவில் உறங்குபவரையும் எழுப்பக்கூடிய இக்கருவியைப் பத்தாம் தரத்து மாணவி பற்றாசுக் கோலும் மின்கலமும் கொண்டு பூட்டிவிடலாம். முறையான அளவைக் கருவிகளுக்கு இது மாற்றாகாது. அபாயமான லயன்களில் வாழ்வோருக்குப் பாதுகாப்பான காணியும் வீடும் வழங்கும் கடமையும் இதனால் சற்றும் குறையாது. ஆனால் அந்த வீடு வரும்வரை மழை காத்திருப்பதில்லை.

இதற்கான அடித்தளம் ஏற்கெனவே உண்டு. க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பாடத்துறை 2013இல் தொடங்கப்பட்டுவிட்டது. ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் 2005 முதல் பதுளையில் இருக்கிறது. அதன் ஆசிரியர்களும் மாணவர்களும் இத்தகைய பெட்டியொன்றை வடிவமைத்து, ஹீத்கிட் கையேட்டின் பொறுமையோடு தமிழிலும் சிங்களத்திலும் செய்முறை எழுதி, அடுத்த ஒக்டோபர் மழை தொடங்குமுன் கொஸ்லந்தவைச் சூழ்ந்த தோட்டப் பாடசாலைகளுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும்.