குறை சொல்பவருக்கு நன்றி சொல்லும் சங்கம்

'அவதானம்' என்ற சொல்லைக் கேட்டதும், கண்ணை மூடி அமர்ந்து மனதை அடக்கும் பயிற்சியே பலருக்கு நினைவுக்கு வருகின்றது. அத்தகைய பயிற்சியைப் பல்கலைக்கழகங்களின் துணையுடன் தம் ஊழியர்களுக்கு வழங்கும் கம்பனிகள் இன்று பல உள்ளன. அது நல்லதே. ஆனால் ஆட்கள் ஒவ்வொருவரும் அவதானமாக இருந்தும் நிறுவனம் கண்மூடிக் கிடக்கலாம். உதவிப் பட்டியலில் ஒரு விதவைத் தாயின் பெயர் விடுபட்டிருப்பதைச் சங்கத்தில் பத்துப் பேர் அறிந்திருப்பர். கூட்டத்தில் ஒருவரும் வாய் திறப்பதில்லை. சொல்லத் துணியாமையே இங்கு பிரச்சினை.

ஒரு நிறுவனம் முழுவதும் எவ்வாறு அவதானமாக இருக்கலாம் என்பதை, 1980களின் நடுப்பகுதியில், அமெரிக்காவின் பேர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராயத் தொடங்கினர். சிறு பிழையும் பேரழிவாகக்கூடிய இடங்களையே அவர்கள் தெரிந்தெடுத்தனர்: விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு, ஒரு மின்சாரக் கம்பனி, கடற்படையின் விமானந்தாங்கிக் கப்பல்கள். குண்டுவீச்சு விமானங்களுக்கு அஞ்சிப் பதுங்கு குழிக்குள் ஓடிய எமக்குப் போர்க்கப்பலை உதாரணம் காட்டுவது மனதுக்கு ஒப்பாததே. எனினும் அங்கு கிடைத்த பாடம் எல்லோருக்கும் உரியது.

ஏறத்தாழ 6,000 பேர் வேலை செய்யும் அத்தகைய கப்பலில், மேற்தளத்தில் நிற்போரில் பெரும்பாலோர் இருபது வயதை அண்டிய இளைஞர்கள். தளத்தில் கிடக்கும் ஓர் ஆணியை விமான இயந்திரம் உள்ளிழுத்தாலே ஆபத்து. ஆகவே அவர்கள் வரிசையாக நடந்து, கதிர் பொறுக்குவதுபோல் தளம் முழுவதும் பொறுக்குவர். ஆபத்தைக் கண்டால், மிகக் கீழ்நிலை ஊழியரும் மேலதிகாரியைக் கேளாமலே விமானங்களின் இயக்கத்தை நிறுத்தலாம், நிறுத்தியே ஆகவேண்டும். அவரது கணிப்புப் பிழைத்தாலும் தண்டனை இல்லை. ஒருமுறை ஒரு மாலுமி, தளத்தில் ஒரு கருவியைத் தவறவிட்டதாகத் தானே வந்து அறிவித்தார். வானில் நின்ற விமானங்கள் எல்லாம் கரையிலுள்ள தளங்களுக்குத் திருப்பப்பட்டன. மறுநாள் அவருக்குக் கிடைத்தது பகிரங்கப் பாராட்டு.

இத்தகைய ஆய்வுகளைத் திரட்டியே மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கார்ல் வைக், கத்லீன் சட்கிளிவ் முதலிய அறிஞர்கள் 1999இல் 'கூட்டு அவதானம்' பற்றி எழுதினர். பிழையைச் சிறிதாக இருக்கும்போதே தேடுதல், நெருக்கடி நேரத்தில் பதவியைப் பாராது விடயம் அறிந்தவரிடம் முடிவை விடுதல் என்பன அதன் அம்சங்களிற் சில. படித்தவர்கள் வேலைத்தளத்துக்குப் போய், வேலை செய்வோரிடம் கற்று வந்த பாடம் இது.

எமது நாட்டிலும் இதற்கொத்த அனுபவம் உண்டு. 1980களின் தொடக்கத்தில், கல்லோயா இடதுகரையில், கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளம் அமைப்பாளர்களைக் கிராமங்களில் தங்கவைத்தன. எந்த வாய்க்காலில் என்ன சிக்கல் என்று அவர்கள் விவசாயிகளிடமே கேட்டறிந்தனர். விவசாயிகள் தாமே வாய்க்கால்களைத் துப்புரவாக்கி, முறைவைத்து நீர் பாய்ச்சினர். 1997 சிறுபோகத்தில் நெல்லுக்கு நீர் போதாது என்று சொல்லப்பட்டபோதும், அங்குள்ள விவசாயிகள் அமைப்புகள் நீரைப் பங்கிட்டு, 65,000 ஏக்கரில் வழமையிலும் நல்ல விளைச்சலை எடுத்தன. சிங்கள, தமிழ் விவசாயிகள் அங்கு நீரைப் பகிர்ந்துகொண்டதும் பதிவாகியுள்ளது.

இடம்பெயர்ந்த நாம் எத்தனை படிவங்களை நிரப்பியிருப்போம்! எந்தக் கிணறு உவராகியது, எந்த மதகு உடைந்தது, எந்த வயலில் மழைநீர் தேங்கும் என்பதை அறிந்தவர்கள் நாமே. ஆயினும் திட்டம் முடிவான பின்னரே பெரும்பாலும் கூட்டத்துக்கு அழைக்கப்படுகின்றோம். இனி வரும் பல்கலைக்கழகத்தாரிடமும் நிறுவனத்தாரிடமும் இரண்டைக் கேட்போம்: முடிவெடுக்குமுன் எம்மிடம் வாருங்கள்; கண்டறிந்ததைத் தமிழில் எழுதி எமக்கும் தாருங்கள்.

அதேவேளை எமது சங்கங்களிலும் ஒரு வழக்கத்தைத் தொடங்குவோம். ஒவ்வொரு கூட்டத்திலும், கணக்கறிக்கை வாசிக்குமுன், 'சென்ற மாதம் எங்கே பிழைத்தது?' என்று தலைவர் கேட்கட்டும். பெண்களும் இளைஞரும் முதலில் பேசட்டும். குறை சொன்னவரைக் 'குழப்பவாதி' என்று ஒதுக்காமல், அவர் பெயரைக் கூட்ட அறிக்கையில் நன்றியுடன் பதிவோம்.