மேலக் கோபுர வாசலும் வகுப்பு லீடர்களும்

பள்ளிக்கூடத்தில் லீடர் என்றால் யார்? ஆசிரியர் இல்லாத நேரத்தில் கரும்பலகையில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுபவர். வேண்டியவன் பேசினால் பெயர் வராது. வேண்டாதவன் இருமினாலே வந்துவிடும். எதிர்த்துக் கேட்டால் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பெருக்கல் குறி வேறு!

இதே மாணவரிடம் "நல்ல தலைவனின் பண்புகள் யாவை?" என்று பரீட்சையில் கேட்டால் நேர்மை, துணிவு, தியாகம் என்று வரிசையாக எழுதி ஐந்துக்கு ஐந்து வாங்கிவிடுவார். "சரி, தலைவனாக நடித்துக் காட்டு" என்று சொல்லிப் பாருங்கள். ஒரு கை இடுப்புக்குப் போகும். இன்னொரு கையின் விரல் எதிரே நிற்பவனை நோக்கி நீளும். விடைத்தாளில் வராதது உடம்பில் வந்துவிடும். பதின்வயதுப் பிள்ளைகள் தலைமை என்பதை எப்படிப் புரிந்துவைத்திருக்கிறார்கள் என்று அறிய நாடகம் நல்ல வழி என்பது இதனால்தான்.

நாடகம் என்றதும் ஆண்டு விழாவில் கட்டபொம்மன் மீசை ஒட்டிக்கொண்டு வசனம் பேசுவதை நினைக்க வேண்டாம். அது மைக் வைத்த மனப்பாடம். பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவால் (1931–2009) காட்டிய வழி வேறு. ஒரு பிரச்சினை தோல்வியில் முடிவதாக முதலில் நடித்துக் காட்டுவார்கள். பிறகு அதையே மறுபடி நடிப்பார்கள். இந்த முறை பார்வையாளர் யாரும் "நிறுத்து" என்று சொல்லி மேடையேறி, ஒரு பாத்திரத்தின் இடத்தில் நின்று வேறு மாதிரி செய்து பார்க்கலாம். ஆனால் கொடுமை செய்பவனின் இடத்தை எடுத்துக்கொண்டு அவனைத் திடீரென்று நல்லவனாக்கக் கூடாது. பாதிக்கப்பட்டவர் இடத்தையோ, அவருக்குத் துணை நிற்கக் கூடியவர் இடத்தையோதான் எடுக்கலாம்.

இதற்குத் திருவிடைமருதூர்ப் பிள்ளைகள் கதை தேடி எங்கும் போக வேண்டாம். மகாலிங்க சுவாமி கோயில் தலபுராணமே இருக்கிறது. வரகுண பாண்டியன் ஏறிவந்த குதிரையின் காலில் மிதிபட்டு ஓர் அந்தணர் இறந்துபோகிறார். பிரம்மஹத்தி மன்னனைத் தொடர்கிறது. அவன் கிழக்கு வாசல் வழியே கோயிலுக்குள் நுழைய, அது வாசலிலேயே நின்றுவிடுகிறது. மன்னன் மேற்கு வாசல் வழியே வெளியேறிவிடுகிறான். இன்றும் கிழக்கே நுழைந்தவர்கள் அந்த வழியே திரும்பாமல் வேறு வாசல் வழியே போகும் வழக்கம் உண்டு. பிரம்மஹத்தியின் சிலையும் கிழக்குப் பக்கத்தில் காத்துக்கொண்டிருக்கிறது.

புராணம் சொல்ல வந்தது இறைவன் அருளை. அதில் குற்றம் காண இங்கே இடமில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் இதை நடித்தால் ஒரு கேள்வி எழாமல் போகாது: செத்தவர் வீட்டுக்கு யார் போய்ச் சொன்னது?

எல்லோருக்கும் ராஜா வேஷம்தான் வேண்டும். போவாலின் விதிப்படி அது கிடையாது. குதிரைக்காரன் இருக்கிறான், மந்திரி இருக்கிறார், மேற்கு வாசலில் ஒரு காவல்காரன் இருக்கிறான், இறந்தவரின் மனைவி இருக்கிறார். மன்னன் வெளியேற வரும்போது காவல்காரன் என்ன செய்வான்? கதவைத் திறந்துவிட்டுக் கும்பிடலாம். "ராஜா, அந்தப் பக்கம் ஒருத்தர் காத்திருக்காங்க" என்று சொல்லலாம். கரும்பலகையில் நண்பன் பெயரை விட்டுவிட்ட லீடருக்கும், அதைப் பார்த்தும் வாயைத் திறக்காத கடைசி பெஞ்சுக்கும் இந்தக் காவல்காரனை நன்றாகவே தெரிந்திருக்கும்.

செலவு? ஒரு பீரியடும் வகுப்பறைக் கதவும் போதும். கஷ்டமானது ஆசிரியரின் வேலைதான். இங்கிலாந்தில் நாடகம் வழியே பாடம் நடத்திய டாரதி ஹீத்கோட் (1926–2011), ஆசிரியரும் ஒரு பாத்திரமாக உள்ளே வரவேண்டும் என்றார். அதிகாரம் குறைந்த பாத்திரமாக இருந்தால் இன்னும் நல்லது. ஆசிரியர் இறந்தவரின் மனைவியாகக் கிழக்கு வாசலில் போய் உட்காரட்டும். "எங்க வீட்டுக்காரர் இன்னும் வரலையே, யாராச்சும் பார்த்தீங்களா?" என்று கேட்கட்டும். பதில் சொல்ல வேண்டியவர்கள் பிள்ளைகள். பாடப்புத்தகத்தில் அந்தப் பதில் இல்லை.