இரசிகனின் வாய்ச்சொல்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று மலராசிரியர் கேட்டபொழுது, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து அவர் எதிர்பார்த்தது சங்கச் சான்றோரைப் பற்றியோ நாவலர் பெருமானைப் பற்றியோ ஒன்றாகவே இருந்திருக்கும். அத்தகைய பொருள்களில் எம்மினும் வல்லார் இம்மலரில் எழுதுவர் என்பதனால், யாம் சற்றே இலேசான பொருளொன்றைத் தெரிந்துகொண்டோம். கச்சேரி கேட்டுவிட்டு வீதியில் நடந்து வரும்போதும், படம் பார்த்துவிட்டுத் தேநீர்க் கடையில் நிற்கும்போதும் நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளும் அபிப்பிராயம் இருக்கின்றதே, அதுவே எம் பொருள். இலேசான பொருள் என்றோம்; எழுதத் தொடங்கிய பின்னரே அதன் கனம் தெரிந்தது.

எம் குற்றத்தை முதலில் ஒப்புக்கொள்வது முறை. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8ஆந் திகதி இலண்டன் மாநகரில் இளையராஜா அவர்களின் 'வேலியன்ற்' என்னும் சிம்பனியை ரோயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவினர் வாசித்தனர். அடுத்த திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் அதைப் பற்றியன்றி வேறு பேச்சில்லை. "உலகத் தரம்" என்றார் ஒருவர். "இதில் எங்கள் இசை எங்கே இருக்கிறது?" என்றார் மற்றொருவர். யாமும் சும்மா இருக்கவில்லை. மேனாட்டு இசைக்கும் நம் இராகங்களுக்கும் உள்ள உறவு பற்றி ஐந்து நிமிடம் பேசினோம். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கொப்பி திருத்திக்கொண்டிருந்த சங்கீத ஆசிரியை தலை நிமிர்ந்து, "சேர், நீங்கள் எவ்வளவு நேரம் கேட்டனீங்கள்?" என்று வினவினார். கைத்தொலைபேசியில் வந்த துண்டொன்றை ஒரு நிமிடம் கேட்டிருந்தோம். மற்றவர்களும் அவ்வளவே. அந்த அறையில் அன்று முழு இசையையும் கேட்டவர் ஒருவரேனும் இலர். தீர்ப்பு வழங்காதவரும் அந்த ஆசிரியையைத் தவிர ஒருவரேனும் இலர்.

அன்று மாலை வீடு திரும்பும்போது எம் பள்ளிப்பருவம் நினைவுக்கு வந்தது. 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டில் மின்சாரம் நின்றுபோனதையும், பற்றரிகளும் கிடைக்காமற்போனதையும் எம் வயதினர் மறந்திரார். அக்காலத்தில் சைக்கிளை நிறுத்தி வைத்து, டைனமோவிலிருந்து வயர் இழுத்து, கசற் ரேடியோவில் பாட்டுக் கேட்டோம். ஒருவன் மிதிக்க நால்வர் சுற்றியிருந்து கேட்பர். மிதிப்பவன் களைத்தால் பாட்டும் களைத்துவிடும். பாடகியின் குரல் தடித்து ஆண்குரலாகி இழுபடும். 1992இல் வெளிவந்த 'ரோஜா' படப்பாடல்களை யாம் முதன்முதல் கேட்டது இவ்வாறே. இரகுமான் என்னும் புதியவரின் தாளக்கட்டில் ஏதோ ஒன்று வேறாக இருக்கின்றது என்பதை எமக்கு உணர்த்தியவை எம் காதுகள் மாத்திரமல்ல, எம் கால்களுந்தாம். ஒரு பாட்டுப் பிடிக்கவில்லை என்று சொல்ல விரும்பியவனும் அதற்காக ஒருமுறையேனும் மிதித்திருக்க வேண்டும். அக்காலம் மீண்டும் வரவேண்டா. அந்தத் துன்பத்தைப் பெருமையாகப் பேசுவார் கூட்டத்தில் யாம் சேரமாட்டோம். ஆயினும் கேட்டவனுக்கே அபிப்பிராயம் உரியது என்னும் பாடத்தை அந்தச் சைக்கிள் எமக்குக் கற்பித்தது. இக்கட்டுரையில் யாம் சொல்லவந்தது இதுவே.

இதனை உயர்ந்த இசை, தாழ்ந்த இசை என்னும் பழைய வழக்காக எவரும் மயங்க வேண்டா. நம் கோயில் திருவிழாக்களில் நாதஸ்வரக் கச்சேரி நடக்கும்போது, சினிமாப் பாட்டொன்றை வாசிக்கும்படி கூட்டத்திலிருந்து துண்டு எழுதி அனுப்புவது வழக்கம். வித்துவான் அதனைப் படித்துச் சிரித்து, மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வாசிப்பைத் தொடர்வார். இவ்வழக்கத்தைக் கண்டித்து எம் ஆசிரியர்கள் பலர் பேசக் கேட்டிருக்கின்றோம். எமக்கு அதில் உடன்பாடில்லை. 1962இல் வெளிவந்த 'கொஞ்சும் சலங்கை'யில் காருகுறிச்சி அருணாசலம் அவர்களின் நாதஸ்வரமும் எஸ். ஜானகி அவர்களின் குரலும் ஆபேரி இராகத்தில் ஒன்றையொன்று துரத்திச் சென்றதைக் கேட்டவர், அதனைச் சினிமாப் பாட்டு என்று ஒதுக்குவாரா? 1968இல் 'தில்லானா மோகனாம்பாள்' படத்துக்காக மதுரை சேதுராமன், பொன்னுச்சாமி சகோதரர் வாசித்த நாதஸ்வரம், கோயில் வீதியை மிதியாத எத்தனையோ பேருக்கு அவ்வாத்தியத்தை அறிமுகப்படுத்தியது. ஆகவே துண்டு எழுதியவனை யாம் குறைகூறோம். துண்டைக் கொடுத்துவிட்டுக் கச்சான் வாங்க எழுந்து போனவனையே குறைகூறுவோம். அவன் கேட்ட பாட்டை வித்துவான் வாசித்து முடிக்கும்போது அவன் அங்கே இல்லை.

அதே வீதியில் வேறொரு வகை இரசிகரையும் கண்டிருக்கின்றோம். எம் அயலில் வாழ்ந்த கமக்காரர் ஒருவர். எழுத்தறிவு அதிகம் இல்லாதவர். மேளக்கச்சேரி தொடங்குமுன் வந்து மணலில் அமர்வார். தொடையில் விரல்கள் தாளம் எண்ணிக்கொண்டே இருக்கும். விடியப்புறம் எழுந்து மணலைத் தட்டிக்கொண்டு, "தம்பி, மூண்டாம் சுற்றிலை தவில்காரர் கொஞ்சம் அவசரப்பட்டிட்டார்; மற்றும்படி குறையில்லை" என்பார். ஒரே வாக்கியம். அவ்வாக்கியத்துக்குப் பின்னால் ஆறு மணிநேரக் கேள்வி இருந்தது. அதற்கும் பின்னால், இளமையில் அவர் கேட்ட யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தியின் தவில் இருந்தது. 1933இல் பிறந்து 1975இல் மறைந்த அம்மேதையைப் பற்றி அம்ஷன் குமார் எடுத்த ஆவணப்படம் 2015ஆம் ஆண்டுக்கான இந்தியத் தேசிய விருதினைப் பெற்றது. அப்படத்தைப் பார்த்தபோது எமக்கு அந்தக் கமக்காரரின் விரல்களே நினைவில் நின்றன. பெரிய கலைஞன் ஒருவன் ஓர் ஊரில் தோன்றுகின்றான் எனின், அவன் ஓர் அட்சரம் பிசகினால் கண்டுபிடிக்கும் செவிகளும் அவ்வூரில் இருந்திருக்கின்றன என்று கொள்ளலாம்.

இனி அண்மைக் காலத்துக்கு வருவோம். 2023ஆம் ஆண்டு ஒக்டோபர் 21ஆந் திகதி யாழ்ப்பாணம் முற்றவெளியில் சந்தோஷ் நாராயணன் அவர்களின் 'யாழ் கானம்' இலவச நிகழ்ச்சியாக நடைபெற்றது. யாமும் மாணவர் சிலருடன் சென்றிருந்தோம். இத்தனை இளைஞர்கள் ஒரே இடத்தில் பாட்டுக்காகக் கூடியதைக் கண்டபோது மனம் நெகிழ்ந்தது; இதே வெளி எம் இளமையில் எவ்வாறு கிடந்தது என்பதை அறிந்தவர்க்கு அந்நெகிழ்ச்சி விளங்கும். பறையின் ஓசை எழுந்தபோது கூட்டம் ஒரே உடலாய் அசைந்தது. ஆயினும் எமக்கு முன்னே நின்ற இளைஞன் நிகழ்ச்சி முழுவதையும் தொலைபேசித் திரையினூடாகவே பார்த்தான். மேடை அவனுக்கு நேரே இருந்தது. அவனோ உள்ளங்கையளவு படத்தையே நோக்கினான். 2024ஆம் ஆண்டு பெப்ரவரியில் அதே முற்றவெளியில் நடந்த வேறொரு நிகழ்ச்சியில், கூட்டத்தினர் தடுப்புகளைக் கடந்து உள்ளே புகுந்தமையால் இசை இடைநின்றது. ஏற்பாட்டின் குறை, கூட்டத்தின் குறை என்று இரு பக்கமும் பேசப்பட்டது. இரண்டிலும் உண்மை உண்டு. எமக்குத் தோன்றியதோ வேறொன்று: பெரிய கச்சேரிகளுக்குச் சென்று பழகும் வாய்ப்பின்றி ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. கூட்டமாய் இருந்து கேட்பதும் பயின்று பெறவேண்டிய ஒரு பழக்கமே. அதைப் பழக்காத எம்மைப் போன்ற மூத்தோர் இளைஞரை மாத்திரம் ஏசுதல் நீதியாகாது.

வாய்ச்சொல்லுக்கு வலிமை இல்லை என்று எண்ணுவோருக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2024 செப்ரெம்பரில் பிரேம்குமார் இயக்கத்தில் 'மெய்யழகன்' வெளிவந்தது. பிறந்த வீட்டை இழந்து ஊரைவிட்டுப் போனவன் இருபதாண்டு கழித்து ஓர் இரவுக்குத் திரும்பி வருகின்ற கதை. நம்மவர்க்கு அதனை விளக்க வேண்டியதில்லை. படம் நீளம் என்னும் பேச்சு எழுந்தது. சில நாள்களில் ஏறத்தாழ 18 நிமிடக் காட்சிகள் அகற்றப்பட்டன. நீளம் என்றவர்களுள் எத்தனை பேர், எந்தக் காட்சி, ஏன் என்று சொல்லியிருப்பர்? எம் கருத்தில் அப்படத்தின் அழகே அவசரமின்மைதான். இரவு முழுவதும் இருவர் இருந்து கதைப்பதை விரைவாகக் காட்ட இயலுமா? எம்முடன் பிணங்குவோர் இருக்கலாம். காட்சியைச் சுட்டிப் பிணங்குவாராயின் மகிழ்வோம். ஆனால் காரணமில்லாத ஒற்றைச் சொல், கத்தரிக்கோல் ஆகிவிடும் காலம் இது.

இனி எம்மைத் திருத்திய மாணவன் ஒருவனைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2025 மே மாதத்தில் அபிஷன் ஜீவிந்த் என்னும் இளைஞரின் முதற்படமாகிய 'ரூறிஸ்ற் பமிலி' வெளிவந்தது. இலங்கையிலிருந்து படகில் இராமேஸ்வரம் சென்று, சென்னையில் மறைந்து வாழும் தமிழ்க் குடும்பமொன்றின் கதை. சசிகுமாரும் சிம்ரனும் நடித்திருந்தனர். அவர்கள் பேசிய ஈழத்தமிழில் பிழை பிடிப்பது தமிழாசிரியர்க்குக் கைவந்த கலையன்றோ? "நம்மூர்ப் பேச்சை நம்மவரே பேசிய 'பொன்மணி', 'வாடைக்காற்று' போன்ற படங்கள் 1977இலும் 1978இலும் வந்தன, இவர்களுக்கு 2025இலும் அது வாய்க்கவில்லை" என்று உயர்தர வகுப்பில் முழங்கினோம். பின்வாங்கிலிருந்து ஒருவன் எழுந்தான்.

"சேர், அவையின்ர தமிழ் முழுக்கச் சரியில்லைத்தான். ஆனால் அந்தக் குடும்பம் தங்கட தமிழை ஒளிச்சுத்தானே சீவிக்குது? ஒளிக்கிற ஆக்களின்ர கதை இடைக்கிடை தடுமாறாதோ?"

"வீட்டுக்குள்ளே தமக்குள் கதைக்கும்போதும் ஏன் தடுமாற வேண்டும்?" என்று யாம் விடவில்லை.

அவன் சிறிது யோசித்து, "அது நீங்கள் சொல்லுறது சரி சேர்" என்றான். பின்னர், எந்தெந்தக் காட்சியில் அவர்கள் வீட்டினுள்ளும் பிறழ்ந்தனர், எங்கே சரியாகப் பேசினர் என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னான். அவன் படத்தை இருமுறை பார்த்திருந்தான். யாம் ஒருமுறை பார்த்தோம். அதுவும் இடையில் இரண்டு தொலைபேசி அழைப்புகளுக்கு மறுமொழி சொல்லிக்கொண்டு. பேச்சு மொழியே ஒருவனைக் காட்டிக்கொடுத்துவிடும் என்னும் அச்சம் அப்படத்தின் உயிர் என்பதை அவன் கண்டிருந்தான். யாம் சொற்களை எண்ணிக்கொண்டிருந்தோம். அன்று வகுப்பில் கற்றவர் எவர், கற்பித்தவர் எவர் என்பதை வாசகரே தீர்மானிப்பாராக.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்குமிடத்து, இரசிகனுக்கு வேண்டியவை மூன்று என்பது எம் துணிபு. எவ்வளவு கேட்டோம், எவ்வளவு பார்த்தோம் என்பதை ஒளியாமற் சொல்லுதல் ஒன்று. நன்று என்றாலும் தீது என்றாலும் ஓரிடத்தையேனும் சுட்டிக்காட்டுதல் இரண்டு. கூடக் கேட்டவன் எதிர்த்துச் சொன்னால் தன் சொல்லை மாற்றிக்கொள்ள நாணாமை மூன்று. இவற்றுக்கு சங்கீத ஞானமும் வேண்டா, பட்டமும் வேண்டா. கமக்காரர் ஒருவருக்கும் பதினெட்டு வயது மாணவன் ஒருவனுக்கும் கைகூடியவையே இவை.

இறுதியாக, பழைய மாணவர் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பம். நம் விழாக்களில் மேளத்தை நாம் எவ்வாறு பயன்படுத்துகின்றோம்? பிரதம விருந்தினரை வாசலிலிருந்து மண்டபம் வரை அழைத்துவரும் ஓசையாகவே பயன்படுத்துகின்றோம். விருந்தினர் ஆசனத்தில் அமர்ந்ததும் கையசைத்து நிறுத்தச் சொல்கின்றோம். பல்லாண்டு சாதகம் செய்த வித்துவான் பாதிப் பல்லவியில் சீவாளியைக் கழற்றி உறையிலிடுவதை யாம் எம் கண்ணாற் பலமுறை கண்டோம். ஒருமுறையும் எழுந்து பேசவில்லை. அந்த வெட்கமே இதனை எழுதச் செய்தது. வெளிநாடுகளிலிருந்து பெரும்பொருள் அனுப்பும் அன்பர்கள் அப்பொருளில் ஒரு சிறு பங்கினை இதற்கு ஒதுக்குவாராக. இவ்விழாவின் ஓர் மாலையில் நம்மூர் நாதஸ்வர, தவில் வித்துவான்களை மேடையில் அமர்த்தி, மணிநேரம் ஒன்று, உரைகளேதும் இன்றி, அவர்கள் விரும்பியதை வாசிக்கச் செய்வோம். துண்டு எழுதுவோர் எழுதலாம். ஆனால் வாசித்து முடியும்வரை எவரும் எழுந்து போதலாகாது.

மறுநாட் காலையில் மாணவர்களிடம் யாம் கேட்போம், எந்த இடம் நன்றாக இருந்தது என்று. ஒருவனேனும் ஓரிடத்தைச் சொல்வானாயின், விழா எடுத்த பயன் எய்தியதாகக் கொள்வோம்.