வலிக்கு ஒட்டும் பேட்ச்: பழையதைக் கொடுத்துப் புதியதை வாங்குவோம்!

தேவாரத்தில் விடியும் முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். மலைக்கு மேலே, இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். நாள் முழுக்கக் குனிந்தும் குத்தவைத்தும் செடியின் தூரில் காய் எடுக்க வேண்டும். சாயங்காலம் அதே ஜீப்பில், அதே வளைவுகளில் குலுங்கி இறங்க வேண்டும். இடுப்புவலி இல்லாத வீடு இந்தப் பக்கம் குறைவு. மருந்துக்கடையில் ஒரு பிளாஸ்திரி வாங்கி முதுகில் ஒட்டிக்கொண்டு மறுநாளும் ஜீப் ஏறுவது இங்கே சகஜம்.

ஆகவே "வலிக்கு ஒட்டுவது" என்றால் இந்த ஊரில் யாருக்கும் பயம் கிடையாது. பிரச்சனை தொடங்குவதே இங்குதான். பார்ப்பதற்குக் கிட்டத்தட்ட அதே மாதிரி இருக்கும் இன்னொரு பேட்ச் இருக்கிறது. அதன் பெயர் ஃபென்டனில் பேட்ச். புற்றுநோய் முற்றி, இரவு பகலாக வலியில் துடிப்பவர்களுக்கு டாக்டர் எழுதித் தருவது. கடையில் கிடைக்கும் பிளாஸ்திரி ஒட்டிய இடத்தில் வேலை செய்யும். இது தோல் வழியாக ரத்தத்தில் இறங்கி மூளை வரை போகும். மார்பினைப் போல 50 முதல் 100 மடங்கு வீரியம் உள்ள மருந்து இது. அதனால்தான் இதன் அளவை மில்லிகிராமில் சொல்லாமல், மணிக்கு 12, 25, 50 மைக்ரோகிராம் என்று சொல்கிறார்கள்.

ஃபென்டனிலை 1960-ல் உருவாக்கியவர் பெல்ஜியத்தைச் சேர்ந்த பால் யான்சென். அதன் பேட்சுக்கு அமெரிக்காவில் 1990-ல் அனுமதி கிடைத்தது. ஒரு பேட்ச் பொதுவாக மூன்று நாட்களுக்கு, அதாவது 72 மணி நேரத்துக்கு வரும். வாய், தொண்டைப் புற்றுநோயால் மாத்திரையே விழுங்க முடியாதவருக்கு இது பெரிய வரம். ஆனால் எடுத்த எடுப்பில் இதைத் தரக்கூடாது. ஏற்கெனவே ஒரு வாரமாவது, தினமும் 60 மில்லிகிராம் மார்பின் அல்லது அதற்கு இணையான மருந்தை எடுத்து உடம்பு பழகியவருக்குத்தான் தரலாம் என்பது அடிப்படை விதி. பழகாத உடம்பில் ஒட்டினால் மூச்சு மெல்ல மெல்லக் குறைந்து நின்றே போகலாம்.

அப்படியானால் ஜீப்பில் போகும் அக்காக்களின் இடுப்புவலிக்கு? இது வேண்டவே வேண்டாம். முதுகுவலியும் மூட்டுவலியும் உள்ள 240 பேரை அமெரிக்காவில் ஓராண்டு கவனித்து 2018-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஓபியாய்டு மருந்து எடுத்தவர்களைவிட மற்ற வலிமருந்து எடுத்தவர்களின் நிலை சற்றும் மோசமாக இல்லை. பக்கவிளைவுகள்தான் ஓபியாய்டு எடுத்தவர்களுக்கு அதிகம்.

"இவ்வளவு ஆபத்தா? அப்போ தடை பண்ணிட வேண்டியதுதானே!" என்று சிலர் கேட்கலாம். அதையும் நம் நாடு ஏறக்குறைய செய்து பார்த்துவிட்டது. 1985-ல் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் வந்தது. உரிமங்களும் தண்டனைகளும் கடுமையாக, மருத்துவமனைகள் மார்பினைத் தொடவே பயந்தன. பன்னிரண்டே ஆண்டுகளில் நாட்டின் மார்பின் பயன்பாடு 97 விழுக்காடு குறைந்தது. உலகத்துக்கே மருந்து அபினியை விளைவித்துக் கொடுத்த நாட்டில், சொந்த ஜனங்கள் வலியோடு செத்தார்கள். டாக்டர் எம்.ஆர்.ராஜகோபால் போன்றோர் பல ஆண்டுகள் போராடிய பிறகு 2014-ல் சட்டம் திருத்தப்பட்டது. மார்பின், ஃபென்டனில் உட்பட ஆறு மருந்துகள் "அத்தியாவசிய போதை மருந்துகள்" ஆயின. அங்கீகாரம் பெற்ற மருத்துவமனைகள் கணக்கு எழுதி இவற்றை வைத்துக்கொள்ள வழி பிறந்தது. எனவே பயம் ஒரு தீர்வு ஆகாது. அலட்சியமும் ஆகாது. இரண்டுக்கும் நடுவில் இருப்பது கணக்கு!

மருத்துவமனையில் கணக்கு இருக்கிறது, சரி. வீட்டில்? அங்கேதான் ஓட்டை. பேட்சின் பாதுகாப்பு பற்றி டாக்டர் நோயாளியிடம் பேசுகிறார். ஆனால் நோயாளி தனியாகவா இருக்கிறார்? அப்பத்தா படுத்திருக்கும் அதே அறையில்தான் பேரனும் படுப்பான். மருமகள்தான் பேட்ச் மாற்றுவாள். பக்கத்து வீட்டுச் சித்தி வந்து நாலு யோசனை சொல்வாள். இவர்கள் எல்லோருக்கும் தெரிந்தால்தான் அது பாதுகாப்பு.

முதலில் ஒத்தடம். வலி என்றாலே தவிட்டையோ உப்பையோ வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுப்பது நம் கைவைத்தியம். ஆசையாகச் செய்யும் காரியம்தான். ஆனால் பேட்ச் ஒட்டிய இடத்தில் சூடு பட்டால் மருந்து வேகமாக உள்ளே இறங்கும். சுடுதண்ணீர்ப் பையும் அப்படியே, உச்சி வெயிலும் அப்படியே. காய்ச்சல் அடித்தாலும் இதே கதிதான், அப்போது டாக்டரைக் கேட்க வேண்டும்.

அடுத்தது அவசரம். புதிதாக ஒட்டும் பேட்சின் முழு வேலையும் தெரிய 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். "ஒட்டி ரெண்டு மணி நேரமாச்சு, கேக்கலையே" என்று இன்னொன்றை ஒட்டுவது உயிருக்கே ஆபத்து. புதியது ஒட்டும்போது பழையதை எடுத்தாயிற்றா என்று பார்க்க வேண்டும், இடத்தையும் மாற்ற வேண்டும். பேட்சைக் கத்தரித்துப் பாதியாக்கக் கூடாது. சாராயமும் தூக்க மாத்திரையும் கூடவே கூடாது. மலச்சிக்கல் கட்டாயம் வரும் என்று வைத்துக்கொண்டு, அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்க வேண்டும்.

எழுப்பியும் எழாத தூக்கம், மெதுவான மூச்சு, கண்மணி ஊசிமுனையாகச் சுருங்குவது ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். உடனே பேட்சைப் பிய்த்துவிட்டு 108-க்குப் போன் செய்ய வேண்டும். "பேட்ச் ஒட்டியிருக்கு" என்று மறக்காமல் சொல்ல வேண்டும். பிய்த்ததோடு சரியாகிவிட்டது என்று உட்கார்ந்துவிடக் கூடாது. தோலில் தங்கிய மருந்து மணிக்கணக்கில் இறங்கிக்கொண்டே இருக்கும். ரத்தத்தில் அது பாதியாகவே 17 மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, மூன்று நாள் முடிந்து உரித்துப்போட்ட பேட்ச். அது காலி என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். இல்லை! நல்ல அளவு மருந்து அதில் மிச்சம் இருக்கும். குழந்தைகள் தெரியாமல் பேட்சைத் தொட்ட 26 சம்பவங்களை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2012-ல் வெளியிட்டது. அதில் 10 குழந்தைகள் இறந்துவிட்டார்கள். 16 பேர் இரண்டு வயதோ அதற்குக் குறைவோ ஆனவர்கள். குப்பையில் கிடந்ததை ஒரு பிள்ளை வாயில் வைக்கலாம், கூடப் படுத்த பிள்ளையின் உடம்பில் தாத்தாவின் பேட்ச் ஒட்டிக்கொள்ளலாம். எந்த வீட்டிலும் நடக்கக் கூடியது இது.

இதற்கு வழி புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. காஸ் சிலிண்டர் வாங்காத வீடு உண்டா? காலி சிலிண்டரைக் கொடுத்தால்தான் நிறைந்த சிலிண்டர் கைக்கு வரும். இதில் யாரும் கோபப்படுவதில்லை, அது கணக்கு, அவ்வளவுதான். பேட்சுக்கும் அப்படி ஒரு கணக்கு வேண்டும். உரித்த பேட்சை ஒட்டும் பக்கம் உள்ளே போகும்படி இரண்டாக மடித்து, மூடியுள்ள டப்பாவில் போட்டு உயரத்தில் வைக்க வேண்டும். அடுத்த முறை மருந்து வாங்கும்போது டப்பாவை ஒப்படைக்க வேண்டும். கூடவே ஒரு சின்ன நோட்டு: எந்தத் தேதி, எத்தனை மணி, உடம்பில் எந்த இடம், ஒட்டியது யார். பள்ளிக்கூடம் போகும் பேத்தியே எழுதிவிடலாம்.

எதிர்வாதமும் உண்டு. தேவாரத்திலிருந்து ஒரு கூலிக்காரர், தேனியைத் தாண்டி க.விலக்கில் இருக்கும் அரசு மருத்துவக்கல்லூரி வரைக்கும் பஸ் மாறிப் போய் நிற்கும்போது, "டப்பாவில் ஒண்ணு குறையுது, மருந்து கிடையாது" என்றால் அது கொடுமை இல்லையா? நிச்சயமாகக் கொடுமைதான். சிலிண்டரும் பேட்சும் வேறுபடும் இடம் இதுதான். குறைந்தால் விசாரிக்கலாம், எழுதிக்கொள்ளலாம், வீட்டுக்கு ஆள் அனுப்பலாம். மருந்தை மறுக்கக் கூடாது. திடீரென நிறுத்தினால் வலியோடு சேர்ந்து உடம்பு நடுங்கித் தவிக்கும்.

அனுப்ப ஆளும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், படுக்கையில் கிடப்பவர்களுக்கு வீட்டுக்கே போய்ச் செய்யும் நோய்த்தணிப்புச் சேவையும் சேர்ந்திருக்கிறது. வீட்டுக்கு வரும் அந்தச் சகோதரி ஐந்து நிமிடம் ஒதுக்கி நோட்டைப் பார்த்து, டப்பாவை எண்ணி வாங்கி, மருமகளிடம் ஒத்தடத்தைப் பற்றி நாலு வார்த்தை சொன்னால் போதும். பெரிய செலவு ஒன்றும் இல்லை.

நாற்பது வருஷம் மலை ஏறி உழைத்த ஒரு மனுஷி, கடைசி மாதங்களில் வலி இல்லாமல் தூங்க வேண்டும். பக்கத்தில் படுத்திருக்கும் பேரன் காலையில் பத்திரமாக எழுந்திருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்று யாரும் அந்த வீட்டுக்குச் சொல்லத் தேவையில்லை. ஒரு டப்பாவும் ஒரு நோட்டும் இருந்தால் இரண்டுமே நடக்கும்.